இல்லாத கையின் வலி

வண்ணாரப்பேட்டைப் பட்டறையில் யந்திரத்துக்குக் கையைப் பறிகொடுத்த ஒருவர், "போன கை வலிக்கிறது" என்றால் மனப்பிராந்தி என்று தள்ளிவிடுகிறோம். பிராந்தியல்ல, மெய்யான வலியே.

பக்கத்திலுள்ள ஸ்டான்லி வைத்தியக் கலாசாலையில் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜுக்கும் கலிபோர்னியாவுக்கும் சென்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் இதற்குக் கூறும் காரணம் வெகு ரஸமானது. 'விரல்களை விரி' என்று மூளை கட்டளையிடுகிறது. 'விரித்தாயிற்று' என்று கண்ணாவது தசையாவது பதில் சொல்ல வேண்டுமல்லவா? பதிலே வராமற்போகவே, கை இறுகிக் கிடப்பதாக மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. 1990-களில் அவர் கண்ட பரிகாரம், ஓர் அட்டைப்பெட்டியும் அதன் நடுவே நிறுத்திய முகக்கண்ணாடியுந்தான்! நல்ல கையைக் கண்ணாடி முன் அசைத்தால், போன கை இருந்த இடத்தில் அதன் பிம்பம் அசைகிறது. கண் சாட்சி சொல்கிறது; மூளை நம்புகிறது; இறுகிய விரல்கள் தளர்ந்தன என்று நோயாளி பெருமூச்சு விடுகிறார். எல்லோருக்கும் பலிப்பதில்லை. எனினும், பக்கவாதத்தில் சோர்ந்த கைக்கும் இப்போது இப்பயிற்சியைத் தருகிறார்கள். விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் விஞ்ஞானம் என்று எண்ணும் நம்மவர் இதைக் கவனிக்கட்டும்.

ஸ்டான்லியில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. 2018-ல் இரு கைகளும் இழந்த ஒருவருக்கு அங்கே வேறு கைகளையே பொருத்தினார்கள். அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிட்டும்? கண்ணாடியோ எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அண்டையில் அப்படி ஒருவர் இருந்தால், அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கும்படி நேயர்கள் சொல்லலாம்.