தண்டச் சீட்டு

சகோதரிகளே, தவறு என்னுடையதுதான். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும்போது ஒருகொடவத்தைச் சந்தியில் பொலிஸார் மறித்தார்கள். என் தலையில் ஹெல்மட் இருந்தது. அவர் தலையில் பர்தா மட்டும். "கிட்டத்தானே, ஹெல்மட் போட்டால் பர்தா கலைந்துவிடும்" என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டியிருந்தேன்.

சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு சீட்டொன்றைத் தந்தார்கள். 14 நாட்களுக்குள் தபால் கந்தோரில் கட்ட வேண்டும், பிந்தினால் இரட்டிப்பு, 28 நாளும் கடந்தால் நீதிமன்றம். கட்டினேன், மீட்டேன். எவரும் எதையும் கற்பிக்கவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எனக்கு அதுதான் உறுத்தியது.

இங்கிலாந்தில், வேகம் சற்றுக் கூடிப் பிடிபட்டவர் 100 பவுண் தண்டத்துக்கும் 3 புள்ளிகளுக்கும் பதிலாக, தன் செலவில் வகுப்புக்குப் போகலாம். லண்டன் மச்சான் போய் வந்தவர். "வாத்தியார் ஏசவில்லை. 30 மைல் வேகத்தில் வரும் கார் பிரேக் பிடித்து நிற்க எத்தனை அடி வேண்டுமென்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை" என்றார். 75 அடியாம்!

அன்றிரவு எங்கள் வீட்டிலும் வகுப்பு நடந்தது. ஊசிகளைக் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியைத் தட்டையாகச் சுற்றினால் ஹெல்மட் சரியாக உட்காருகிறது. நாடிப் பட்டியையும் இறுக்கலாம். மகளின் அளவுக்கு ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.