நாலு நாள் சும்மா இருந்தோம்!

நம் சங்கத்துக் குடும்பங்களில் யாரையாவது நிறுத்தி, "கடைசியாக எப்போது விடுமுறை எடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தோமே!" என்பார்கள். ஊருக்குப் போவது விடுமுறையா? ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல், பாகப்பிரிவினைப் பேச்சு, பெரியப்பா வீட்டில் ஒரு வேளை, சித்தி வீட்டில் ஒரு வேளை என்று ஓடி, போனதைவிடக் களைத்துத் திரும்புகிறோம். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து 37 வருடங்கள் நானும் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தேன்.

சென்ற மார்ச் மாதம், மகளின் பிடிவாதத்தால், நானும் என் மனைவியும் மட்டும் மத்திய வியட்நாமில் உள்ள ஹோய் ஆன் என்ற சிற்றூருக்குப் போனோம். வழக்கம்போல் மணிவாரியாக அட்டவணை போட்டு வைத்திருந்தேன். மகள் அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். "அப்பா, நாலு நாளும் ஒரே ஊர். சும்மா இருந்துவிட்டு வாருங்கள்" என்றாள்.

தானாங் விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஹோய் ஆன். து போன் ஆற்றங்கரையில் இருக்கும் இவ்வூர் 15-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை பெரிய துறைமுகம். சீனரும் ஜப்பானியரும் ஐரோப்பியரும் வந்து வணிகம் செய்தார்கள். பிறகு ஆறு மண்மூடித் தூர்ந்தது. கப்பல்கள் தானாங்குக்குப் போய்விட்டன. வருமானம் குறைந்த ஊரில் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்ட அவசரப்படுவார் இல்லை. அதனாலேயே மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாகப் பிழைத்து, 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதாவது, இதுவும் என்னைப்போல் ஓய்வு பெற்ற ஊர்! வேலை போன பிறகும் மதிப்பு உண்டு என்று எனக்கு எடுத்துச் சொன்ன ஊர்.

பழைய தெருக்களில் நாளின் பெரும்பகுதி மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. கூரை போட்ட ஜப்பானியர் பாலத்தைப் பழுதுபார்த்து 2024-இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். உத்தரத்தையும் மூட்டுகளையும் நான் அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். யாரும் "நேரமாகிறது" என்று அவசரப்படுத்தவில்லை. மாலையில் காகித விளக்குகள் ஏற்றுகிறார்கள். சைவச் சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை. "சாய்" என்று எழுதிய கடைகளில் கிடைக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மரக்கறி உண்ணும் வழக்கம் அங்கும் பலருக்கு உண்டு.

முதல் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகர் வரை 1,726 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை தானாங் வழியாகத்தான் போகிறது. நம் பக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்ட மீட்டர் கேஜ்! போய்ப் பார்த்தாலென்ன? அப்போது ஆற்றங்கரைப் பெஞ்சில் காப்பியோடு உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னாள்: "என்னங்க, கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் காலையில் நான் யாருக்கும் காப்பி போடவில்லை." எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடங்கள் நான் கொடுத்த "விடுமுறை"களில் அவள் ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்கு மாறியிருக்கிறாள், அவ்வளவுதான். தண்டவாளம் மறுநாளும் அங்கேதான் இருக்கும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மட்டும் அவளே ஆசைப்பட்டதால் மீ சன் போனோம். சாம் மன்னர்கள் 4-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை எழுப்பிய சிவன் கோயில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்தவை போக மீதி நிற்கிறது. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கு செய்த பழுதுபார்ப்புப் பணியின்போது 2020-இல் ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. கண்ணாரக் கண்டு, அன்று மாலையே ஆற்றங்கரைக்குத் திரும்பிவிட்டோம்.

"வெளிநாடெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு" என்பீர்கள். நியாயம். ஆனால் நான் சொல்வது வியட்நாமைப் பற்றியல்ல. பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆற்றங்கரை விடுதி போதும். ஐந்து நாளில் ஏழு ஊர் காட்டும் சுற்றுலா வேண்டாம். ஊர் உறவை விடுங்கள் என்றும் சொல்லவில்லை. மண்ணை விட்டு வந்த நமக்கு அதுதான் வேர். ஆண்டுக்கு நாலு நாள் மட்டும் அதிலிருந்து எடுத்து, வீட்டில் உழைத்தவளுக்குக் கொடுங்கள் என்கிறேன்.

என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "பேரன் பரீட்சை முடியட்டும், பிறகு இருவருமாக எங்காவது போகலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். பரீட்சை முடிந்தது. இப்போது அவர் மட்டும்தான் இருக்கிறார்.

முழங்கால் ஒத்துழைக்கும்போதே கிளம்புங்கள். அட்டவணையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.