பள்ளிக்கொரு வலை வழங்கி வேண்டும்

மாணவ நண்பர்களே, 'சர்வர்' என்று சொன்னால் உங்கள் தாத்தா பாட்டிக்கு யார் நினைவு வரும்? உணவு விடுதியில் தோளில் துண்டுடன் வந்து நின்று, "என்ன வேண்டும்?" என்று கேட்டு, உள்ளே போய் எடுத்து வந்து பரிமாறுபவர்தான். 1964-ஆம் ஆண்டு வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் ஏற்ற வேடம் அதுவே. கணிப்பொறி உலகின் சர்வரும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் கைபேசியில் உள்ள உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறி அதைத் தன் வட்டிலிருந்து எடுத்து அனுப்புகிறது. இதைத் தமிழில் வலை வழங்கி என்கிறோம். அது தனி வகை இயந்திரம் அன்று. உங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினியும் வழங்கியாக வேலை செய்யக்கூடியதே.

நம் வட்டாரத்தின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்கள் தம் கையாலேயே அமைத்த ஒரு வலை வழங்கி, லினக்ஸ் கணிப்பொறி ஒன்றில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கணிப்பொறி அறிவியல் படிப்போருக்கு மட்டுமன்று, எல்லோருக்கும். எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெய்த மழையை நீங்களே பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரபரணி கரைகளை மீறியது. நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையம் நீரில் நின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. கையில் இருந்த கைபேசி ஒன்றும் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் திரை எரிந்தது, அதன் அலைபரப்பியும் வேலை செய்தது. பதில் சொல்ல வேண்டிய கணிப்பொறிகள் எங்கோ தொலைவில் இருந்தன. இடையிலிருந்த கோபுரங்கள் பேசாமல் போயின. அவ்வளவுதான்.

வெள்ளக் காலங்களில் பள்ளிக் கட்டடங்களே பெரும்பாலும் நிவாரண முகாம்களாகின்றன. அப்படியொரு பள்ளியில் ஒரு வழங்கியும், சாதாரண வைஃபை பரப்பி ஒன்றும், ஒரு மின்கலமும் இருந்தால், வெளியுலகத் தொடர்பு அறவே இல்லாமலும் முகாமில் உள்ள கைபேசிகள் அந்த வழங்கியின் பக்கங்களைப் படிக்க முடியும். எந்த அறையில் மருந்து இருக்கிறது, எந்தத் தொட்டியின் நீரைக் குடிக்கலாம், அடுத்த படகு எப்போது வரும் என்பவற்றை ஒருவர் எழுத, நூறு பேர் படிக்கலாம். இதை மிகைப்படுத்தவும் கூடாது. பரப்பியின் எல்லை சில பத்து மீட்டர்தான். ஆற்றின் அக்கரைக்கு அது எட்டாது. படகையோ கயிற்றையோ அது ஈடு செய்யாது. ஆனால் நம் கண்முன் இருக்கும் சேவை நம் கையிலேயே இருக்கலாம் என்பதை அது காட்டும்.

மின்கலத்துக்கு ஒரு சிறு கணக்கு போடுவோம். கார்களில் உள்ள 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் 12 × 35 = 420 வாட்-மணி. ஈய-அமில மின்கலத்தை முழுவதும் வற்றவிட்டால் அது கெடும். ஆகவே பாதியை, அதாவது 210 வாட்-மணியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய மடிக்கணினி 20 வாட், பரப்பி 10 வாட் என்றால் 7 மணி நேரம் ஓடும். மடிக்கணினிக்குப் பதில் 2012-இல் இங்கிலாந்தில் அறிமுகமான ராஸ்ப்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறியை வைத்தால், இரண்டும் சேர்ந்து 15 வாட்டுக்குள் அடங்கும். அப்போது 14 மணி நேரம் கிடைக்கும். ஒரு சூரியத் தகட்டையும் சேர்த்தால் எவ்வளவு என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனி, அமைப்பது எப்படி? நான் கட்டளைகளை வரிசையாக எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் அவற்றைப் பார்த்து அடிப்பீர்கள், அது ஓடும், நீங்களும் ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள். எங்கள் ஆய்வகங்களிலும் இந்த நோய் உண்டு. விடை தெரிந்த சோதனையைச் செய்து, விடைக்கேற்ப அளவீடுகளை எழுதிவிடுவது! ஆகவே உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன என்பதை அறிவீர்கள். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. கால்வாயில் மடைகள் இருக்கின்றன. எந்த மடையைத் திறக்கிறோமோ அதன் வயலுக்கு நீர் பாயும். கணிப்பொறியும் இப்படித்தான். வலையில் அதற்கு ஒரே முகவரி. ஆனால் அந்த முகவரியில் 65,535 மடைகள். இவற்றைப் 'போர்ட்' என்பார்கள். வலைப் பக்கங்களுக்கு 80-ஆம் மடை, மறைகுறியிட்ட பக்கங்களுக்கு 443, தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்க 22. அப்பாச்சி என்ற மென்பொருளை நிறுவியதும் அது 80-ஆம் மடையில் காவல் உட்கார்ந்து, யாராவது கேட்கிறார்களா என்று காத்திருக்கும்.

பக்கம் வரவில்லையா? அங்கேதான் பாடம் தொடங்குகிறது. முதலில், வழங்கி ஓடும் அதே கணிப்பொறியில் 127.0.0.1 என்ற முகவரியைக் கேட்டுப் பாருங்கள். தன்னைத் தானே அழைக்கும் முகவரி அது. அங்கே பக்கம் வந்து, பக்கத்துக் கணிப்பொறியில் வராவிட்டால், பெரும்பாலும் தீயரண் மடையை மூடியிருக்கிறது என்று பொருள். சில சமயம் வைஃபை பரப்பியே கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாமல் தடுத்திருக்கும். 403 என்ற எண் வந்தால் மடை திறந்திருக்கிறது, வழங்கியும் விழித்திருக்கிறது, கோப்பைப் படிக்க அதற்கு உரிமை மட்டும் இல்லை. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்பது தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். அப்பாச்சி உங்கள் பெயரில் ஓடுவதில்லை. அதற்கென்று அதிகாரம் குறைந்த ஒரு தனிப் பெயர் உண்டு. உங்களுக்கு மட்டும் என்று பூட்டிய கோப்பை அது எப்படித் திறக்கும்? 404 வந்தால் கேட்ட பெயரில் கோப்பே இல்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு என்பதை மறந்தவர்கள் இந்த எண்ணை அடிக்கடி சந்திப்பார்கள்.

தமிழ்ப் பக்கம் எழுதும் உங்களுக்கு இன்னொன்றும் நேரலாம். 'நெல்லை' என்று எழுதியிருப்பீர்கள், திரையிலோ குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வரும். யூனிகோடு முறையில் அச்சொல் ந, எகரக் குறி, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என ஆறு குறியீடுகள். யூ.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், ஆக 18. உலாவிக்கு இது யூ.டி.எஃப்-8 என்று யாரும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பைட்டையும் தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிடக்கூடும். டெபியன் வகை லினக்ஸில் இதைச் சொல்வதற்கான வரி அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வரியின் தொடக்கத்தில் ஓர் எண் குறியை இட்டு உறங்கவைத்திருக்கிறார்கள். அந்தக் குறியை நீக்கி, அமைப்பைச் சோதித்து, வழங்கியை மீண்டும் படிக்கச் செய்தால் 'நெல்லை' நெல்லையாகிவிடும். ஒரே ஒரு குறி! ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்துவை என்ற ஆய்வக விதி இங்கும் அப்படியே பொருந்தும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது வழங்கியின் பதிவேடு. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அதில் ஒரு வரி ஏறும்: எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம், என்ன விடை எண், எத்தனை பைட்டு. உங்கள் வகுப்புத் தோழர் மதியம் 12.40-க்கு எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று உங்களால் சொல்லிவிட முடியும். கொஞ்சம் கூச்சமாக இல்லையா? இருக்க வேண்டும். நீங்கள் நாள்தோறும் திறக்கும் ஒவ்வொரு தளத்தின் வழங்கியிலும் உங்களைப் பற்றி இதே போன்ற வரிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. தரவுரிமை பற்றி மேடையில் பத்துச் சொற்பொழிவுகள் கேட்பதைவிட, சொந்தப் பதிவேட்டைப் பத்து நிமிடம் படிப்பது மேல்.

ஓர் இயற்பியல் சோதனையும் செய்யலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்கிறது. நெல்லையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கி.மீ.; போய்வர 6,000. ஆகவே 30 மில்லி நொடிக்குக் குறைந்து அங்கிருந்து விடை வரவே முடியாது. அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கி.மீ.க்கு அப்பால், 130 மில்லி நொடிக்கு மேலாகும். எந்த நிறுவனமும் பணம் கொடுத்து இந்த எல்லையைத் தாண்ட இயலாது. கம்பி வழியே இணைந்த உங்கள் பள்ளி வழங்கியோ ஒரு மில்லி நொடிக்குள் விடை சொல்லிவிடும். 'பிங்' என்ற கட்டளையால் அளந்து பாருங்கள்.

வலை பிறந்ததும் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்தான். ஜெனீவாவுக்கருகே உள்ள செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் திட்டம் தீட்டினார். 1990 இறுதியில் முதல் வழங்கி ஓடியது. மேசைமேல் இருந்த அந்தக் கணிப்பொறியில், இது வழங்கி, இதை அணைக்காதீர்கள் என்று கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் இந்த நுட்பத்தை உலகுக்கு உரிமைத்தொகையின்றிக் கொடுத்துவிட்டது. லினக்ஸின் கருவை 1991-இல் வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர். அப்பாச்சி 1995-இல், தன்னார்வலர்கள் சிலர் ஒருவருக்கொருவர் திருத்தங்களைப் பகிர்ந்துகொண்டதில் உருவாயிற்று. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது; 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

எதிர்ப்புக் குரல்களும் எனக்குத் தெரியும். "இப்போது எல்லாம் மேகத்தில் இருக்கிறதே, சொந்த வழங்கி பழைய காலத்துப் பழக்கம்" என்பார்கள். பொதிகை மலைமேல் நிற்பதுதான் மேகம். கணிப்பொறிக்காரர்கள் சொல்லும் மேகம் வேறோர் ஊரில் இருக்கும் வேறொருவருடைய கணிப்பொறி. அவற்றிலும் பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ்தான். உள்ளூரில் ஒன்றை அமைத்தவர் அதையும் எளிதில் கையாள்வார்.

"மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள்" என்ற அச்சத்துக்கு என் விடை: கெடுக்கட்டும். அதற்காகத்தான் பழைய கணிப்பொறி. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவலாம்.

பாதுகாப்பு பற்றிய அச்சம் மட்டும் நியாயமானது. அதை நான் ஒதுக்கமாட்டேன். லினக்ஸை யாரும் தாக்க முடியாது என்பது வெறும் நம்பிக்கை. வழங்கியை இணையத்துக்குத் திறந்துவிட்டால், அன்றைக்கே முகம் தெரியாத இயந்திரங்கள் 22-ஆம் மடையைத் தட்டிக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதைப் பதிவேட்டில் காணலாம். ஆகவே பள்ளி வளாகத்துக்குள் மட்டும் ஓடட்டும். மாணவர் மதிப்பெண், தொலைபேசி எண், ஆதார் எண் எதையும் அதில் வைக்கவே கூடாது. மென்பொருள் திருத்தங்களை மாதம் ஒரு முறையாவது ஏற்றுங்கள்.

அப்படியானால் எதை வைப்பது? ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் நேரமும் அதுதான். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை வாரம் ஒரு முறை கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். உங்கள் ஊர்க் கால்வாயில் நீர் திறந்த நாளையும் அடைத்த நாளையும் எழுதுங்கள். 2023 வெள்ளம் உங்கள் தெருவில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைச் சுவரில் கறை இருக்கும்போதே அளந்து ஏற்றுங்கள். சுண்ணாம்பு அடித்துவிட்டால் அந்த அளவு போய்விடும்.

இன்னும் ஒரு சிறு குறிப்பு. பரப்பி, மறுமுறை இயங்கும்போது வழங்கிக்கு வேறு முகவரி கொடுத்துவிடக் கூடும். பிறகு யாருக்கும் பக்கம் வராது. பரப்பியின் அமைப்பில் உங்கள் வழங்கிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஆய்வகக் கதவில் ஒட்டுங்கள். செர்னில் ஒட்டியது போன்ற சீட்டு ஒன்றைக் கணிப்பொறியின் மேலும் ஒட்டுங்கள். மாலையில் கூட்டிப் பெருக்க வருபவர் மின்விசிறியோடு சேர்த்து அதையும் அணைத்துவிடுவார்.