சோப்பு டிராயரும் மொட்டைமாடித் தொட்டியும்

வாஷிங் மெஷினில் போட்ட பவுடர் கரையாமல் டிராயரிலேயே களியாக நின்றால் நம் வயதுக்காரர்கள் உடனே சர்வீஸுக்குப் போன் போடுகிறோம். வருகிற தம்பி டிராயரை இழுத்துப் பார்த்து, "அசெம்பிளியே மாத்தணும் சார்" என்கிறார். கூடவே வருடாந்திர ஒப்பந்தத் தாள் ஒன்றும் பையிலிருந்து வெளியே வரும். தனியாக இருக்கும் பெரியவர்கள் என்றால் அந்தத் தாள் இன்னும் சீக்கிரமாக வரும். பெரும்பாலும் இது வீண் செலவு என்பது என் கட்சி.

தொலைபேசி இலாகாவில் பழுது பார்த்தே காலம் தள்ளியவன் நான். கருவிக்கு வந்து சேர வேண்டியது வந்து சேருகிறதா என்று பார்த்த பிறகுதான் கருவியைத் திறக்க வேண்டும், இதுதான் அங்கே எங்களுக்குப் பாலபாடம். போனில் சத்தமே இல்லை என்றால் முதலில் லைனைத்தான் பார்ப்போம். மெஷினுக்கும் அதே நியாயம்தான். சோப்பு டிராயரில் மோட்டார், சக்கரம் எதுவும் கிடையாது. மேலே உள்ள சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வேகமாகக் கொட்டி, பவுடரை அடித்துக்கொண்டு உள்ளே போகிறது. அவ்வளவுதான் அதன் வித்தை. வேகம் இல்லையென்றால் டிராயரைத் தங்கத்தில் செய்து மாட்டினாலும் பவுடர் நகராது.

வேகம் ஏன் குறைகிறது? நம் ஊர் போர்வெல் தண்ணீர்தான் முதல் குற்றவாளி. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பக்கெட்டின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு டிராயருக்கு மேலே இருக்கும் ஓட்டைகளையும் அடைக்கிறது. மெஷினின் பின்பக்கம் குழாய் மாட்டும் இடத்தில் விரல் நுனி அளவு ஒரு சல்லடை உண்டு. தொட்டியிலிருந்து வரும் மணலும் துருவும் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டு மெஷினில் அந்தச் சல்லடையை வெளியே எடுத்தபோது காபி வடிகட்டி மாதிரி அடைத்துக் கிடந்தது.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். பின்பக்க ஹோஸைக் கழற்றி, சல்லடையைச் சின்னக் குறடால் மெல்ல இழுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். டிராயரை முழுதாக இழுத்து, உள்ளே இருக்கும் பிடியை அமுக்கினால் கையோடு வந்துவிடும். வினிகர் கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் உப்பு இளகும். கம்ஃபர்ட் ஊற்றும் அறையில் மட்டும் ஒரு தொப்பி இருக்கும். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் மொத்தமும் தானாக வடிந்துவிடும் சைபன் அது. அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் தொப்பியைக் கழற்றிக் கழுவுங்கள். குனிய முடியாதவர்கள் வேலைக்கு வரும் பெண்ணையோ பேரனையோ பக்கத்தில் இருந்து செய்யச் சொல்லலாம். ஆனால் பின்பக்கத் தகட்டைத் திறக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது மின்சாரம் தெரிந்தவர் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, கைத்துவையலுக்கு விற்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடு மெஷினில் போடக்கூடாது. நுரை பொங்கும், டிராயர் வழியாகவே வெளியே எட்டிப் பார்க்கும். அளவும் முக்கியம். துணி வெளுக்கட்டும் என்று கூட ஒரு கரண்டி போட்டால், அலசியும் போகாத பவுடர் உடம்பில் அரிப்பாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் செய்தும் சரியாகாத வீடு ஒன்று எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறது. மூன்றாவது மாடி மாமியுடையது. வயது எழுபத்தாறு, பிள்ளைகள் வெளிநாட்டில். சர்வீஸ் ஆட்கள் இரண்டு தடவை வந்து பணம் வாங்கிப் போனார்கள். கடைசியில் "புது மெஷின் வாங்கிடுங்க" என்றார்களாம். மாமியிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "எந்த நேரத்தில் மாமி மக்கர் பண்றது?"

"கார்த்தால போட்டா நன்னா தோய்க்கறது. மத்தியானம் போட்டாத்தான் பவுடர் அப்படியே நிக்கறது."

காலையில் ஒழுங்காக ஓடி மத்தியானம் கெட்டுப்போகும் டிராயர் உலகத்தில் உண்டா? காலையில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பியிருக்கும், மத்தியானம் அரைத் தொட்டிதான் இருக்கும். மாமியின் மெஷினோடு வந்த புத்தகத்தில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது 0.3 பார் வேண்டும் என்று போட்டிருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். அப்படியானால் மெஷினுக்கு மேல் மூன்று மீட்டராவது நீர்மட்டம் இருக்க வேண்டும். மாமி வீட்டுக்கு நேர் மேலே தொட்டி. அது நிரம்பியிருந்தாலே கணக்கு மூன்றரை மீட்டரைத் தாண்டாது. பாதியானால் மூன்றுக்கும் கீழே போய்விடும். கீழ்த்தளத்தில் இருக்கும் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த உயரம் முழுக்க எங்களுக்கு லாபம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வந்த இருவரில் ஒருவராவது குழாயைத் திறந்து ஒரு பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பாகம் விற்றால்தான் அவர்களுக்கு வருமானம் என்று கம்பெனி வைத்திருந்தால் பையன்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? பழுது பார்க்கும் உரிமை என்று 2022-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் வீட்டுக்குள் வந்து நிற்கும் ஆளிடம் மாமி கேட்க வேண்டியது வேறு. எந்தப் பாகம் பழுது, அது பழுது என்று எப்படித் தெரிந்தது, கழற்றிய பழைய பாகம் எங்கே என்ற மூன்றையும் பில்லில் எழுதிக் கேட்க வேண்டும். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மாமிக்கு வேண்டியது மெஷினும் அல்ல, டிராயரும் அல்ல. தொட்டியிலிருந்து மேல்மாடிக்கு இறங்கும் லைனில் ஒரு சின்ன பிரஷர் பம்ப் போதும். பொதுச் செலவில் போட முடியாது, அது அவர் சொந்தப் பிரச்சினை என்கிறார்கள் சங்கத்தில் சிலர். தொட்டி பொது, குழாய் பொது, மாதப் பராமரிப்பும் எல்லோரும் ஒரே தொகைதான் கட்டுகிறோம். தண்ணீர் வேகம் மட்டும் எப்படிச் சொந்தப் பிரச்சினை ஆகும்? வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு மனு எழுதியாகிவிட்டது. கீழ்த்தளத்திலிருந்து இதுவரை இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று என்னுடையது.