குலதனமும் அடகுச் சீட்டும்

நம் கவிதைகளில் பாட்டிகள் ஏதாவது ஒரு சாமானை விட்டுவிட்டுத்தான் சாகிறார்கள். வெற்றிலைச் செல்லம், ஊஞ்சல் சங்கிலி, விளிம்பு உடைந்த பல்லாங்குழி. பேரன் அதைத் தொடுகிறான், காலம் உறைகிறது, கவிதை முடிகிறது. பரம்பரைப் பிரக்ஞை என்று நாமும் ஒருவருக்கொருவர் மதிப்புரை எழுதிக்கொள்கிறோம். எனக்கு இது விசாலமான வீடு இருந்தவர்களின் பிரக்ஞையாகப் படுகிறது. சாமானைக் கைவிடாமல் வைத்துக்கொள்ள முடிந்தவனுக்குத்தான் அது ஞாபகம்.

நான் திருவொற்றியூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. நகைக்கடன் மேஜை என்னுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை, மாமியார் கழுத்திலிருந்து மருமகள் கழுத்துக்கு வந்த சங்கிலிகள் அப்போது என் மேஜைக்கு வரும். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்ப்பார். கல்லையும் அரக்கையும் கழிப்பார். மிச்சத்தை கிராமில் சொல்வார். கழுத்தில் இருந்ததைவிட எங்கள் இரும்புப் பெட்டியில் அதிக நாள் இருந்த சங்கிலிகள் உண்டு. வைப்பதும் மீட்பதும்தான் அவற்றின் சரித்திரம். ஏலத்துக்குப் போய்விடுமோ என்கிற பயம்தான் அவற்றைக் குலதனமாக்குகிறது. இந்தப் பயம் நம் கவிதைகளில் எங்கே?

அடகு வைக்கவே முடியாத சொத்தும் இந்தப் பக்கம் உண்டு: கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம். எங்கே இறால் கிடைக்கும், எந்த நீரோட்டத்துக்கு எந்த வலை என்பதைத் தகப்பன் மகனுக்குக் கொடுத்தான். பத்திரம் கிடையாது. அனல்மின் நிலையச் சாம்பல் அதில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் வந்து சேர்ந்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. எங்கள் மதிப்பீட்டாளராவது உரைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொகை சொல்வார்.

செல்லத்தைப் பற்றி யாரும் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது ஏன் விற்கப்படாமல் உங்கள் வீட்டில் தங்கியது, அதே வருஷங்களில் யார் வீட்டிலிருந்து எது வெளியே போனது என்று கவிதை ஒருமுறையாவது கேட்கட்டும். அதுவரை பாட்டிகளை நிம்மதியாகச் சாக விடுவோம்.