சங்கிலியின் நீளம்



கடந்த கோடையில் ஒரு நாள் மாலை, பள்ளிபாளையத்தில் விசைத்தறி நடத்தும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு. இக்கரையில் தெருவுக்குத் தெரு தறிப்பட்டறைகள். முன்கட்டில் குடும்பமும் பின்கட்டில் தறிகளுமாக அமைந்த வீடுகள் இங்கே பல. அத்தகைய வீடு ஒன்றின் வாயிற்படியில் கால் வைத்ததும், உறுமல் ஒன்று எம்மைத் தடுத்து நிறுத்தியது.

“கிட்டப் போயிராதீங்க சாமி! அது ஆரையும் உடாதுங்க” என்று கூவிக்கொண்டே அவ்வீட்டு மூதாட்டி ஓடி வந்தார்.

பட்டறைச் சுவரை ஒட்டிய தூணில் செம்பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்று கட்டப்பட்டிருந்தது. சங்கிலி இரண்டு முழம் இருக்கலாம். அதிலும் பாதி தூணைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடந்தது. தண்ணீர்ச் சட்டி அதற்கு எட்டாத தொலைவில் இருந்தது; அதில் பஞ்சுத் தூசி மிதந்தது. சுவருக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தமையால், உரத்துப் பேசினாலன்றி ஒருவர் சொல் மற்றவர்க்குக் கேட்கவில்லை.

உள்ளே சென்று அமர்ந்த பின்னரே, பத்து வயதுப் பேரனின் முன்கையில் மஞ்சள் அப்பியிருப்பதைக் கண்டோம். முந்தின நாள் சோறு வைக்கப் போனவனை நாய் பற்றிவிட்டதாம்.

“ஊட்டு நாய்தானுங்க சாமி, பல்லு லேசாத்தான் பட்டுது. நீங்க ஒரு செபம் பண்ணீட்டீங்கன்னா போதுமுங்க” என்றார் மூதாட்டி.

நாய்க்குத் தடுப்பூசி போட்டதுண்டா என்று வினவினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

செபம் பிறகு ஆகட்டும் என்று சொல்லி, குழாயடியில் சோப்புப் போட்டுக் கடிவாயைக் கால் மணி நேரம் கழுவச் செய்து, தகப்பனாரையும் பிள்ளையையும் அப்போதே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூதாட்டிக்கு எம்மீது சற்று வருத்தமே. சாமியார் செபிக்க மறுத்தார் என்று நாலு வீட்டில் சொல்லியும் இருப்பார். செபம் மருந்தைத் தடை செய்வதன்று, மருந்துக்கு மாற்றுமன்று. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் ஒருமுறை தோன்றிவிட்டால் பிழைப்பார் அரிதினும் அரிது. தோன்றுமுன் ஊசி போட்டுக்கொண்டாலோ, அந்நோயை முற்றிலும் தடுத்துவிடலாம். உலகில் மனிதர்க்கு நேரும் ரேபிஸ் நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களின் வழியாகவே வருகிறதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ‘வீட்டு நாய்’ என்பது அந்தக் கிருமிக்குத் தெரியாது. தெருவில் ஒரு முறை சண்டையிட்டு வந்த வீட்டு நாயும், தடுப்பூசி இல்லாவிடில், தெரு நாயே.

பெரியவர்கள் ஊசி என்றதும் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1885-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை இந்நோயினின்று காத்தார். 1907-இல் நமது குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் தோன்றியது. எனினும் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது, ஆட்டு மூளையினின்று செய்யப்பட்ட மருந்தே. அதனைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் குத்துவார்கள். அந்த வேதனையைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அம்மருந்து 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையிலே சில ஊசிகள். அரசு மருத்துவமனையில் கட்டணமும் இல்லை. காயம் ஆழமாயின் கடிவாயிலேயே இன்னொரு மருந்தும் செலுத்துவர். மருத்துவர் குறித்த நாளைத் தவறவிடாமல் போவதொன்றே நம் வேலை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், தாயத்து யாவும் காலத்தை வீணாக்குவன.

கடித்த நாயை உடனே அடித்துக் கொல்வதும் தவறு. பத்து நாள் அதனைக் கண்காணிக்க வேண்டும். அதற்குள் அது நோயுறாமல் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று அறியலாம். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது. அவ்வீட்டு நாய் பத்து நாளும் நலமாகவே இருந்தது. இறைவனுக்கு நன்றி.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளையின் கை ஒருபுறம் இருக்க, அந்த இரண்டு முழச் சங்கிலியே நினைவில் நின்றது. சோறு கொடுக்கும் கையை நாய் ஏன் கடித்தது? அஞ்சிய நாய்க்கு இரண்டு வழிகளே உண்டு: விலகி ஓடுதல், அல்லது கடித்தல். முதல் வழியைச் சங்கிலியால் அடைத்துவிட்டு, அது இரண்டாம் வழியில் செல்லும்போது பொல்லாத நாய் என்கிறோம்.

இதனைப் பிறர்க்குச் சொல்ல எமக்கு முழு உரிமை இல்லை. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், காவலுக்கென்று ஒருவர் அளித்த குட்டியை மணி என்று பெயரிட்டு வளர்த்தோம். பூசைக்கு வருவோர் மீது பாய்கிறதென்று பகலெல்லாம் கட்டிப்போட்டோம். இரவில் அவிழ்க்கவும் பல நாள் மறந்தோம். ஆறு மாதத்தில் அது தன் முன்காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. “சாமி, காவலுக்கு நாய் வாங்குனீங்களா, தூணுக்கு நாய் வாங்குனீங்களா?” என்று எமது கோயிற்பிள்ளை ஒருநாள் கேட்டார். எந்தத் தியானப் பிரசங்கமும் எம்மை அவ்வளவு உறுத்தியதில்லை.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அக்கோயிற்பிள்ளையின் பக்கமே நிற்கின்றது. அளவுக்கு மீறிக் குட்டையான, அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் பிணைத்தலும், எப்போதும் கட்டிவைத்த நாயை நடமாட விடாதிருத்தலும், போதிய உணவும் நீரும் நிழலும் தராதிருத்தலும், வளர்த்த விலங்கைக் காரணமின்றிக் கைவிடுதலும் அதன் பதினொன்றாம் பிரிவின்படி குற்றங்கள். நம்முள் எத்தனை பேர் இதனை அறிவோம்?

தோபித்து ஆகமத்தில், தோபியா வானதூதரோடு நெடும்பயணம் புறப்பட்டபோது நாயும் உடன் சென்றதாகக் காண்கிறோம். அந்த நாய் அற்புதம் எதுவும் செய்யவில்லை. உடன் நடந்தது, அவ்வளவே. எந்நாய்க்கும் பெரிய இன்பம் அதுதான். காலையில் தார்ச்சாலை சுடுமுன் அரை மணி, மாலையில் அரை மணி, கழுத்துப் பட்டையும் கயிறும் பூட்டி ஆற்றோரம் அழைத்துச் செல்லுங்கள். ஷிப்டு முறையில் தறி ஓட்டுகிறவர்க்கு நேரம் ஏது என்பீர்கள். பத்து வயதுப் பிள்ளை தனியே போதாது. ஆனால் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து நடக்கும் அரை மணி நேரம் நாய்க்கு மட்டுமா நன்மை?

பட்டறைச் சுவரோரம் நாயைக் கட்டுதல் வேண்டாம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். நாயின் செவியோ 40,000-க்கும் மேலே கேட்கும். நமக்கே காது அடைக்கும் இடத்தில் அதனை இரவும் பகலும் நிறுத்துவது எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். தீபாவளி வெடிக்கு நாய்கள் கட்டிலுக்கடியில் ஒளிவதும், கயிற்றை அறுத்து ஓடித் தொலைந்துபோவதும் இதனாலேயே. அந்நாள்களில் உள்ளறையில், கதவு சாத்தி, வீட்டார் ஒருவர் அருகில் இருக்க வைத்திருத்தல் நலம். நமது கோயில் திருவிழா வேட்டும் இதில் சேர்த்தி என்பதை, திருவிழாக் குழுவினர் முகம் சுளித்தாலும், சொல்லியாக வேண்டும்.

சேலம் நாமக்கல் சமவெளியின் வெயிலை விளக்க வேண்டியதில்லை. நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகவே தகரக் கொட்டகையின் கீழ் அடைத்தல் ஆபத்து. மர நிழலும், கவிழாத கனமான சட்டியில் நாள்தோறும் இருமுறை மாற்றிய நீரும் போதும். இவ்வூர் வெயிலில் பனி நாட்டு சைபீரிய ஹஸ்கியை விலை கொடுத்து வாங்கி வருவோரும் உளர். அவ்வீட்டில் குளிர்சாதனம் வரவேற்பறைக்கு மட்டும், நாய் மாடியில். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று இம்மண்ணின் வெயிலுக்கே பிறந்த இனங்கள் நமக்கில்லையா? இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. அவையும் வேண்டாம், தெருவில் பிறந்த குட்டி ஒன்றே போதும் என்பது எமது கருத்து. எதுவாயினும் எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். மீந்த குழம்புச் சோறு மட்டுமே நாயை வளர்க்காது. முட்டைக்குப் பெயர் போன மாவட்டத்தில் வாழ்கிறோம். சோற்றோடு ஒரு வேகவைத்த முட்டை சேர்ப்பது பெரும் செலவன்று. பச்சை முட்டை வேண்டாம். வெந்த கோழியெலும்பு சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். ஞாயிறு மதிய விருந்தின் எலும்பைத் தட்டோடு கவிழ்ப்பதை நிறுத்துங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி; பின்னர் மருத்துவர் சொற்படி ஆண்டுதோறும். பிற நோய்களுக்கான ஊசிகளும் உண்டு. குடற்புழு மருந்தை மறவாதீர்கள், ஏனெனில் நாயின் புழு அதனோடு விளையாடும் குழந்தைக்கும் வரும். காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்கையும் உண்ணிக்காகப் பார்த்துவிடுங்கள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாள் உலக ரேபிஸ் நாளாகும். அதையொட்டிக் கால்நடைத் துறையினர் இலவச ஊசி முகாம்கள் நடத்துவது வழக்கம். பெரிய நோயென்றால், 1985 முதல் நாமக்கல்லில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டிகள் வேண்டாமெனில் கருத்தடை செய்துவிடுங்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றுப் பாலத்தருகே விட்டுவருவது, தெருநாய்த் தொல்லை என்று நாமே மனுக் கொடுப்பதற்கு நாமே காரணமாவதாகும்.

மனிதருக்கே இல்லாதபோது நாய்க்கு இவ்வளவா என்று கேட்பவர்க்கும் ஒன்று கூறுவோம். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இரண்டையும் சேர்த்தே கூறுகிறது: விலங்கைத் தேவையின்றித் துன்புறுத்துதல் மனித மாண்புக்கு இழுக்கு, மனிதத் துயரைத் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குக்குக் கொட்டுவதும் தகாது. நாம் மேலே கேட்டவற்றில் பெரும்பாலானவை பணம் கேட்பவை அல்ல. நிழலுக்கு என்ன விலை? நீளமான கயிற்றுக்கு?

அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றபோது, பையனின் ஊசிகள் முடிந்திருந்தன, நாய்க்கும் போட்டிருந்தனர். தூணை விட்டு, கொல்லை வேம்பினடிக்கு நாய் மாறியிருந்தது. வேம்புக்கும் சுவருக்கும் இடையே கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து, நாய் அங்குமிங்கும் நடக்கும்படி தகப்பனார் அமைத்திருந்தார். தறிக்காரர் கை அல்லவா! மாலையில் அவிழ்த்தும் விடுகிறார்களாம். எம்மைக் கண்டு குரைத்தது. பிறகு வாலும் சற்றே ஆடியது. முழு நம்பிக்கை வர இன்னும் நாளாகும்.

பெயர் என்ன என்று கேட்டோம். பெயரே இல்லையாம், மூன்று வருடமும் ‘நாயி’தான். அப்போது பையனுக்கு எடத்தனூர் நடுகல்லின் கதையைச் சொன்னோம். திருவண்ணாமலை மாவட்டத்தில், முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில், எருமை மந்தையைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மடிந்தான். அவனுக்கு நட்ட கல்லில் அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதை எழுத்தாகவும் பொறித்தனர். கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்தனர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு நாயின் பெயர் அக்கல்லில் நிற்கிறது.

“அப்ப இதுக்கும் அதே பேர் வைக்கலாமுங்களா சாமி?” என்றான் பையன்.

வைத்துவிட்டான். மூதாட்டிக்குத்தான் அது வாயில் நுழையவில்லை. ‘கோவிந்தா, கோவிந்தா’ என்றே அழைத்துச் சோறு வைக்கிறார். கத்தோலிக்க வீட்டிலிருந்து நாள்தோறும் எழும் இக்குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் என்ன எண்ணுகிறார்களோ, அறியோம். நாய் இரண்டு பெயருக்கும் வருகிறது.