மஞ்சள் அடித்த ரூம்

அனுமதியில்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தங்கத்தில் ஒன்று, வெள்ளியில் ஒன்று, இரும்பில் ஒன்று என்று ஆகாயத்தில் மூன்று கோட்டைகளைக் கட்டிக்கொண்டு பறந்த அசுரர்களை, சிவபெருமான் ஒரே சிரிப்பில் எரித்த தலம் திருவதிகை. நோட்டீஸ் கிடையாது, அவகாசம் கிடையாது. சிரிப்போடு சரி.

அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு 2022-ல் எனக்கு மொட்டைமாடியில் ஒரு ரூம் கட்டும் ஆசை வந்தது. ஹாலில் டி.வி. சத்தத்துக்கு நடுவே எழுத முடியவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

"ரூம் இல்லாததாலதான் இப்படி எழுதறீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

கொத்தனார், "மாடிதானே சார், யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். லோன் கொடுக்கிற பேங்க் பார்க்குமே! அப்ரூவல் பிளான் இல்லாமல் பைசா பெயராது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து ஒரு புரோக்கர் வந்தார். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு ஒரு பக்கச் சுவரே எழுப்பிவிடலாம். பி.காம். படித்தவனுக்கு ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியாதா? நானே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தேன்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. டவுன்லோடு செய்து படிக்க உட்கார்ந்தேன். தூக்கம் வராமல் தவிக்கும் நண்பர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், சொத்துவரி ரசீது என்று காகிதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பிளான் மட்டும் நாமே போட முடியாது. பதிவு பெற்ற இன்ஜினீயர் கையெழுத்து வேண்டும். நான் நோட்டில் போட்டு வைத்திருந்த படத்தைப் பெருமையோடு நீட்டினேன்.

"இது என்ன சார், கெடிலம் ஆறா?"

"படிக்கட்டு சார்."

அவர் அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "கூடுதல் கட்டடம்னா பழைய அப்ரூவல் பிளான் வேணுமே, இருக்கா?" என்றார்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 1994-ல் வாங்கிய நீலக் காகிதம், மடிப்புகளில் கிழிந்து, நாலு துண்டாய். அதைத் தரையில் சேர்த்து வைத்துக்கொண்டு இன்ஜினீயர் வீட்டைச் சுற்றி டேப் பிடித்தார். சமையலறைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். பிளானில் அங்கே நாலடிக் காலியிடம். தரையில் அங்கே ஒரு ரூம்.

ரூம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நாலடி அகலம், பதினாலடி நீளம், மேலே ஷீட். அப்பா முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்தபோது, 1997-ல், மூட்டை அடுக்கக் கட்டியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. லீவு நாளில் செங்கல் எடுத்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. அவர் போய்ப் பத்து வருஷமாகிறது. அவர் தராசும் படிக்கல்லும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. மத்தியானத்தில் அம்மா அங்கே ஒரு பெஞ்சு போட்டுப் படுத்துக்கொள்வாள்.

புரோக்கர் மோப்பம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "அதைப் படத்துல காட்டாதீங்க சார். காலியிடம்னே போட்டுடலாம்."

மனசு ஆடியது உண்மை. ஆனால் 'மேலே கண்டவை யாவும் உண்மை' என்று கையெழுத்துப் போடப்போவது அவரில்லை, நான். இன்ஜினீயரும், "இருக்கறதை இல்லைன்னு நான் போட மாட்டேன். இடிக்கறதா இருந்தா, இடிக்கப்போறதா காட்டலாம்" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் காலியிடம் எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. சுந்தரர் கதை தெரியுமல்லவா? அப்பர் உழவாரம் செய்த மண்ணை மிதிக்கக் கூசி, ஊருக்குள் வராமல் வெளியே சித்தவட மடத்திலேயே தங்கினார். நாங்கள் அடுத்த வீட்டுக்கு நாலடி கூட விடவில்லை. எங்கள் ரூமின் சுவர் பக்கத்து வீட்டு அத்தையின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, கம்பவுண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறது. அவர் வீட்டில் பகலிலும் லைட் எரிவதைப் பார்த்து, 'கரண்டு பில்லைப் பற்றிக் கவலைப்படாத குடும்பம்' என்று நான் பொறாமைப்பட்டதுண்டு.

புதுப் பிளான் வந்தது. பிளானுக்கு ஒரு வண்ண பாஷை இருக்கிறது. தேசியக் கட்டட விதித் தொகுப்பில், புதிதாகக் கட்டுவதற்குச் சிவப்பு, இடிக்கப்போவதற்கு மஞ்சள் கோடுகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அப்பா ரூமுக்கு மட்டும் மஞ்சள் அடிச்சிருக்காங்களே, என்ன விசேஷம்?"

நான் பதில் சொல்ல நேரமாயிற்று. "அதை... இடிக்கணுமாம்மா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரை பேச்சில்லை. மாடி ரூமே வேண்டாம் என்று சொல்லிவிட நான் வாயெடுத்தபோது, தட்டை எடுத்தபடி அவளே ஆரம்பித்தாள்.

"கட்டும்போதே பக்கத்து வீட்டு ஐயா வந்து கேட்டாரு தம்பி. 'மூட்டை இருக்கற வரைக்கும்தான், அப்புறம் எடுத்துடறேன்'னு உங்கப்பா சொன்னாரு. மூட்டை போயி பத்து வருஷமாச்சு. எடுத்துடு."

விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. தப்பு என்னுடையதே. முப்பதடி அகல மனையை, மீட்டர் கேட்ட கட்டத்தில் 30 என்று அடித்திருந்தேன். காகிதத்தில் சில நாட்கள் எனக்கு ஒரு ஜமீன் பங்களா இருந்தது. 30-ஐ 3.28-ஆல் வகுத்தால் 9.14. பி.காம்.! மழைநீர்த் தொட்டியையும் படத்தில் காட்ட மறந்திருந்தோம். 2003-லிருந்தே கட்டாயமான சமாச்சாரம். திருத்தி மறுபடி அனுப்பினேன். ஸ்தலத்தைப் பார்க்க வந்தவர் மஞ்சள் ரூமை அளந்தார், போட்டோ எடுத்தார், அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அனுமதி வந்தது.

இவ்வளவு பாடுபட்டு முடித்த பிறகு, 2024 ஜூலையில் அரசாங்கம் சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடி வரை வீடு, மேலே ஒரு மாடி வரை போகலாம். ஆள் வந்து பார்க்காமலே ஆன்லைனில் உடனடி அனுமதி. புதுசாக வீடு கட்டப்போகும் நண்பர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டியது அதிலும் நீங்கள்தான். மீட்டர் கட்டத்தில் அடியை எழுதினால் சொல்லித் திருத்த எதிரே ஆளும் இருக்கமாட்டார்.

ரூமை இடிக்க அரை நாள்தான் ஆயிற்று. தராசை அம்மா அதற்கு முன்னாலேயே எடுத்துத் துடைத்து, ஹாலில் அப்பா படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். கடைசிச் சுவர் சரிந்து புழுதி அடங்கியதும், எதிர் ஜன்னலில் அத்தையின் முகம் தெரிந்தது. கையில் கரண்டி.

"என்னக்கா, அடுப்படியில வெய்யில் வருது?" என்றார்.

இந்தக் கட்டுரையை மாடி ரூமில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். டி.வி. சத்தம் சுத்தமாக இல்லை. ஆனால் நேர் கீழே அந்த நாலடிச் சந்து. அம்மா இந்தப் பக்கம் பெஞ்சில், அத்தை அந்தப் பக்கம் ஜன்னலில். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. இருபத்தைந்து வருஷ பாக்கி.